எங்கள் நூலகத்தின் நிகழ்ச்சிகள்: ஒரு தையல்காரியின் மதிப்பீடு

நூலகத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளில் எதற்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், தவறாமல் அதே கிழமையில் அதே நேரத்தில் அதே மூலையில் நடப்பவற்றுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். பேனர் கட்டி, மேடை போட்டு, எப்போதாவது ஒருமுறை நடப்பவை அதற்கு அப்புறம்தான். எங்கள் பொது நூலகம் சிறு நகரத்து நூலகம். இரண்டு தளம், ஒரு சிறிய அரங்கம், எண்ணிக்கையில் குறைவான ஊழியர்கள். அதற்குள்ளேயே இந்த இரண்டு வகை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. சில மிகவும் நன்றாக இருக்கின்றன. சிலவற்றை உடனே திருத்த வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இந்த மதிப்பீட்டுக்கு அது தேவைப்படும். நான் துணி தைப்பவள். வலது காதில் மெஷின் போட்டிருக்கிறேன், இடது காது ஏறக்குறைய கேட்காது. பேரனைக் கதை நேரத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தபோதுதான் இந்த நூலகத்துக்குள் ஒழுங்காக நுழைந்தேன். இன்று பழுது பார்க்கும் நாளில் தையல் மேசை என் பொறுப்பில் இருக்கிறது. வந்து உட்கார்ந்து கேட்பவளாகவும் உள்ளே வேலை செய்பவளாகவும் எழுதுகிறேன்.

முதலில் கதை நேரம். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடத்துபவர் குழந்தைகள் பகுதி நூலகர். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறார். ஒவ்வொரு வாரமும் ஒரே பாட்டில் ஆரம்பம், ஒரே பாட்டில் முடிவு. முதல் பாட்டு காதில் விழுந்ததுமே ஓடித் திரிந்த பிள்ளைகள் பாயில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு பையன் மட்டும் எப்போதும் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் கேட்பான். அவனை வெளியே இழுத்து உட்கார வைக்க யாரும் முயல்வதில்லை. கதையில் அவனுக்குப் பிடித்த இடம் வரும்போது அடியிலிருந்து குரல் மட்டும் வரும்.

அவர் கதையை முழுதாக வாசித்து முடிப்பதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஒரு பக்கம் வாசிப்பார், நிறுத்துவார். "இது எங்கே போகுது? ஏன் இப்படி ஓடுது?" என்று கேட்பார். ஒரு குழந்தை "நாய்" என்று ஒற்றைச் சொல் சொன்னால், "ஆமா, பெரிய கறுப்பு நாய், மழைக்குப் பயந்து ஓடுது" என்று நீட்டிச் சொல்வார். அப்புறம் அதையே குழந்தையையும் சொல்ல வைப்பார். இது அவருடைய தனிப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டபோது விளக்கினார். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பெற்றோரின் ஒரு பிரிவுக்கு இப்படிக் கேள்வி கேட்டு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு பிரிவு தங்கள் வழக்கப்படியே வாசித்தது. இரண்டு பிரிவினரும் குழந்தைக்கு வாசித்துக் காட்டியது ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, கேள்வி கேட்டு வாசித்த வீட்டுக் குழந்தைகள் பேச்சில் முன்னேறியிருந்தார்கள். அதற்குப் பிறகு நானும் வீட்டில் அப்படித்தான் வாசிக்கிறேன். ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு பேரன் அரை மணி நேரம் பேசுகிறான்.

இந்த நிகழ்ச்சியில் இன்னும் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்தவை. கதை முடிந்ததும் அன்று வாசித்த புத்தகமும் அதே போன்ற வேறு சில புத்தகங்களும் பாயின் ஓரத்திலேயே பரப்பி வைக்கப்பட்டிருக்கும், எடுத்துக்கொண்டு போகலாம். நாட்டுப்புறக் கதையாக இருந்தால், அவை எந்த அலமாரியில் இருக்கின்றன என்று 398.2 என்ற எண்ணைக் காட்டி அங்கேயே கூட்டிப்போவார். இன்னொன்று, கொட்டும் மழையில் இரண்டே குழந்தைகள் வந்த ஒரு நாளில் அவர் இரண்டு பாட்டையும் பாடி, முழு நேரமும் நடத்தினார். அடுத்த வாரம் வந்தவர்களுக்கு நிகழ்ச்சி இருக்குமோ இருக்காதோ என்ற சந்தேகமே வரவில்லை. நிகழ்ச்சி நிச்சயம் நடக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் சிறு குழந்தையை வைத்திருப்பவர்கள் கிளம்பி வருவார்கள். ஒரு குழந்தையை உடுத்தி, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவது எவ்வளவு பெரிய வேலை என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

குறையும் உண்டு. நடப்பது வார நாளில், காலை பதினொரு மணிக்கு. பாயில் இருப்பவர்களைப் பார்த்தாலே புரியும்: பாட்டிகள், தாத்தாக்கள், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார்கள். வேலைக்குப் போகிற பெற்றோர் ஒருவரும் இல்லை. வீட்டில் பாட்டியும் இல்லாத குழந்தைக்குத்தான் இந்த அரை மணி நேரம் அதிகம் தேவை. சனிக்கிழமையோ, ஒரு நாள் மாலையோ இன்னொரு கதை நேரம் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஆள் பற்றாக்குறை என்றார்கள். அது உண்மைதான், நானே பார்க்கிறேன். ஆனாலும் எப்போதாவது நடக்கும் பெரிய விழா ஒன்றுக்குச் செலவாகும் உழைப்பை இங்கே திருப்பிவிட முடியும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பழுது பார்க்கும் நாள். என் மேசையைப் பற்றி நானே எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம், செய்தித்தாள் படிக்கும் நீள மேசைகளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஒரு மேசையில் தையல், ஒன்றில் சைக்கிள், ஒன்றில் மின் சாதனங்கள், ஒன்றில் மரச் சாமான்களும் பொம்மைகளும். மார்ட்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய யோசனை இது. இப்போது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. கட்டணம் இல்லை, உத்தரவாதமும் இல்லை. பொருளைக் கொண்டுவந்தவர் கூடவே உட்கார வேண்டும் என்பது முக்கியமான விதி. விட்டுவிட்டுப் போய் மாலையில் வாங்கிக்கொள்ள முடியாது.

அந்த விதி எனக்கு ஆரம்பத்தில் தொந்தரவாகத்தான் தெரிந்தது. கடையில் யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் வேலை ஓடாது. இங்கே பார்ப்பதற்காகவே உட்கார்கிறார்கள். ஜிப் பிரச்சினைதான் அதிகம் வரும். ரன்னர் ஓடுகிறது, ஆனால் பின்னாலேயே பல் பிரிந்துகொள்கிறது என்பார்கள். முக்கால்வாசி நேரம் பல்லில் பழுது இருக்காது. ரன்னர் நாளாவட்டத்தில் வாய் அகன்று, இரண்டு பக்கப் பல்லையும் சேர்த்து அழுத்தும் பிடியை இழந்திருக்கும். குறடால் ரன்னரின் இரண்டு ஓரத்தையும் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் சரியாகிவிடும். ஒரே அழுத்தாக அழுத்தினால் உடைந்துபோகும். இதை நான் செய்து கொடுப்பதில்லை. குறடை அவர்கள் கையில் கொடுத்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டுகிறேன். தன் பையை இப்படித் தானே சரிசெய்த ஒரு பள்ளிக்கூடப் பையன், ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே நின்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத் தள்ளுவண்டி நிற்கும். எங்கள் நூலகர் ஒருவர் செய்த ஏற்பாடு இது, இந்த நூலகத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். தையல் புத்தகங்கள் 646ஆம் எண்ணில், வண்டி பழுது பார்ப்பவை 629.28இல், மரவேலை 684இல். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறையில் இவை வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டியவை. அலமாரியில் தேடினால் நூலகத்தின் மூன்று மூலைக்கும் நடக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை மட்டும் எல்லாம் ஒரே வண்டியில் வந்து நிற்கும். அந்தப் பையன் துணிப்பை தைக்கும் படப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். அதற்கு முன்னால் அவனுக்கு உறுப்பினர் அட்டையே கிடையாது, அங்கேயே போட்டுக்கொடுத்தார்கள்.

என்ன பொருள் வந்தது, என்ன பழுது, சரியானதா, பாதி சரியானதா, முடியவில்லையா என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். முடியாதவையும் நிறைய இருக்கும். மின் மேசைக்காரர் பொருளைத் திறப்பதற்கு முன்னால் இணைப்பு கழற்றப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். எதிரில் இருப்பவரும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறாராம். உள்ளே ஒட்டி மூடப்பட்ட சாதனம் என்றால் திறக்க வழியே இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத ஆட்கள் இந்த மேசைகளில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெருமை.

இங்கே குறை வெளிச்சம். கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பிரிப்பதற்கு அந்தக் கூரை விளக்குப் போதாது. நான் வீட்டிலிருந்து விளக்கு எடுத்துப் போகிறேன். மேசைக்கு ஒரு விளக்கு நூலகமே வாங்கி வைக்கலாம். செய்தித்தாள் படிக்கும் முதியவர்களுக்கும் அது மற்ற நாட்களில் பயன்படும்.

கைபேசி உதவி நேரம் வாரம் ஒருமுறை நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் சிலர் தன்னார்வலர்களாக வந்து உட்கார்கிறார்கள். இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர்களுக்கு நூலகம் போட்டிருக்கும் கட்டுப்பாடு மிகச் சரியானது: கேட்பவரின் கைபேசியைத் தங்கள் கையில் வாங்கக் கூடாது, கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது, வங்கிக் கணக்கு சம்பந்தப்பட்ட எதையும் தொடக் கூடாது. வாயால் சொல்ல வேண்டும், தொடும் விரல் கேட்பவருடையதாக இருக்க வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் வீட்டுக்குப் போய் மறுபடி செய்ய வருகிறது. என் காது மெஷினைக் கைபேசியோடு இணைக்க எனக்குச் சொல்லித்தந்த பெண், "நீங்களே அழுத்துங்கம்மா, நான் பார்த்துட்டே இருக்கேன்" என்று பொறுமையாகக் காத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர் எழுத்தின் அளவைக் கூட்டக் கற்றுக்கொண்டார். அதோடு எழுந்துவிடவில்லை, நூலகத்தின் ஒலிப் புத்தகங்களை எப்படிக் கேட்பது என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.

வாசகர் கலந்துரையாடல் மாதம் ஒருமுறை. வட்டமாக நாற்காலி போடுகிறார்கள். காது சரியாகக் கேட்காதவர்களுக்கு வட்டம் பெரிய உதவி. பேசுபவர் வாயைப் பார்க்க முடியும், பாதிச் சொல்லை உதட்டிலிருந்தே பிடித்துவிடுவேன். நடத்துபவர் நல்ல முறை ஒன்றை வைத்திருக்கிறார். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் புத்தகத்திலிருந்து ஓர் இடத்தை மட்டும் வாசித்துக் காட்ட வேண்டும், கருத்துச் சொல்லக் கூடாது. இதனால் நன்றாகப் பேசத் தெரிந்தவரும் பேசக் கூச்சப்படுபவரும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். படிக்காமல் வந்தவரும் அந்த இடங்களைக் கேட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறார். பிரச்சினை பிரதிகள். தேர்ந்தெடுத்த புத்தகத்தின் ஒரே ஒரு பிரதிதான் அலமாரியில் இருக்கும், வாசிக்க வேண்டியவர்கள் ஒரு வட்டம் முழுக்க. பிரதி எத்தனை கிடைக்கும் என்று பார்த்துவிட்டுப் புத்தகத்தை முடிவு செய்ய வேண்டும். வேறு கிளைகளிலிருந்து வரவழைக்க முடியும் என்றால் முந்தைய மாதமே கேட்டு வைக்க வேண்டும்.

பதின்வயதினருக்கு வெள்ளிக்கிழமை மாலை பலகை விளையாட்டுகள் நடக்கின்றன. நான் உள்ளே போனதில்லை, பெரியவர்களை அங்கே உட்கார விடுவதில்லை. சத்தமும் சிரிப்பும் படிக்கட்டு வரை கேட்கிறது. அது போதும்.

அரங்கத்தில் நடக்கும் எழுத்தாளர் சந்திப்புகளும் சொற்பொழிவுகளும்தான் எனக்கு மிகுந்த ஏமாற்றம். அழைக்கப்படுபவர்கள் நல்லவர்கள், தலைப்புகளும் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு பேச்சாளரும் "மைக் வேண்டாம், என் குரல் எல்லாருக்கும் கேட்கும்" என்று சொல்லி அதை நகர்த்தி வைக்கிறார். பின்னால் இருந்து யாராவது "கேட்குது, கேட்குது" என்கிறார்கள். கேட்காதவர்கள் அந்த நேரத்தில் கை தூக்குவதில்லை. கேள்வி நேரத்தில் அவையிலிருந்து வரும் கேள்வியும் மைக் இல்லாமல் போய்விடும், பதில் மட்டும் வரும். மின்விசிறி ஓசை, கதவு ஓசை, பின்வரிசைப் பேச்சு எல்லாவற்றையும் காது மெஷின் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. ஹியரிங் லூப் என்பது அரங்கத்தைச் சுற்றிப் பதிக்கும் ஒரு கம்பி வளையம். மைக்கில் வரும் ஒலியை அது காந்தப் புலமாக மாற்றி அனுப்பும். பல காது மெஷின்களில் டி சுருள் என்ற சிறு பாகம் இருக்கும். அதை இயக்கினால் பேச்சாளரின் குரல் நேராகக் காதுக்குள் வரும், மின்விசிறி வராது. காது படமும் 'டி' என்ற எழுத்தும் போட்ட பலகை இருந்தால் அங்கே லூப் இருக்கிறது என்று பொருள். எங்கள் நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் மேசையில் சிறிய லூப் ஒன்று இருக்கிறது. அரங்கத்தில் இல்லை. லூப் வரும்வரை இரண்டே இரண்டு செய்தால்கூடப் போதும். பேச்சாளர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மைக் கட்டாயம் என்று அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். அவையில் கேட்கும் கேள்வியை நடத்துபவர் மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்குச் செலவே கிடையாது.

எப்போதாவது நடப்பவை இரண்டாம் பட்சம் என்று மேலே சொன்னேன். ஒன்றை மட்டும் அதிலிருந்து விலக்கி வைக்கிறேன். மனித நூலகம். டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டில் ஒரு விழாவில் தொடங்கிய முறை இது. புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை இருபது முப்பது நிமிடம் 'இரவல்' எடுக்கலாம். எதிரில் உட்கார்ந்து கேட்கத் தயங்கிய கேள்விகளைக் கேட்கலாம். பதில் சொல்ல மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. நான் பார்வையற்ற ஒரு பெண்ணை எடுத்தேன். சேலையின் நிறத்தை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்று தையல்காரியாகக் கேட்டேன். ஒவ்வொரு துணியிலும் உள்ளே மடிப்பில் வெவ்வேறு முடிச்சுப் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லி, தன் முந்தானையைத் திருப்பி என் விரலை அதில் வைத்தார். நான் இத்தனை காலம் தைத்த துணிகளில் ஒரு முறைகூட அப்படி ஒன்று தேவைப்படும் என்று யோசித்ததில்லை. இப்போது யாராவது கேட்டால் போட்டுக்கொடுக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் மிகவும் நல்லது.

நிர்வாகத்தைப் பற்றி இரண்டு புகார்கள். எல்லா நிகழ்ச்சிக்கும் இணையத்தில் பதிவுப் படிவம் வைத்திருக்கிறார்கள், மின்னஞ்சல் முகவரி இல்லாமல் அது நகராது. இடம் குறைவான நிகழ்ச்சிக்குப் பதிவு வைப்பது நியாயம். கதை நேரத்துக்கு எதற்கு? பொது நூலகச் சேவை வயது, மொழி, வசதி எதையும் பார்க்காமல் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்பது உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவும் யுனெஸ்கோவும் சேர்ந்து 2022இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கையிலேயே இருக்கிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மின்னஞ்சல் இல்லாத ஒரு பாட்டி படிவத்தோடு போராடும் நேரமும் வாசகரின் நேரம்தான். மேசையில் பெயர் சொன்னால் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு வைத்தால் போதும்.

இன்னொன்று அறிவிப்பு. மாத நிரலை நூலகத்துக்கு உள்ளே இருக்கும் பலகையில் ஒட்டுகிறார்கள். உள்ளே வருபவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், வராதவர்கள் அந்தப் பலகையைப் பார்க்கப் போவதில்லை. நான் ஒரு பிரதி வாங்கி என் கடைச் சுவரில் ஒட்டினேன். அளவு கொடுக்க வந்த தாய்மார்கள் அதைப் படித்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு கட்டணும்கா?" என்று கேட்கிறார்கள். இலவசம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. 'இலவசம்' என்ற சொல்லை மேலே பெரிதாகப் போட்டு, மருத்துவமனை, பள்ளி வாசல், பேருந்து நிலையம் என்று ஒட்ட வேண்டும்.

பழுது பார்க்கும் நாளுக்கு வருபவர்களுக்குச் சில குறிப்புகள். துணியைத் துவைத்து, உலர்த்திக் கொண்டுவாருங்கள். ஜிப் முழுதாகப் போய்விட்டது என்று தெரிந்தால், அதே நீளத்தில் அதே நிறத்தில் புதிய ஜிப் வாங்கி வாருங்கள், எங்களிடம் இருப்பு கிடையாது. அறுந்த பட்டனைத் தூக்கிப் போடாதீர்கள். மின் சாதனம் என்றால் அதன் வயரையும் சேர்த்து எடுத்து வாருங்கள், பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பொருள் என்பதுதான் வழக்கம், கூட்டம் இல்லையென்றால் இரண்டாவதையும் பார்ப்போம். கடைசி அரை மணியில் வந்தால் முடிக்க நேரம் இருக்காது. என்னிடம் பேசும்போது வலது பக்கம் வந்து உட்காருங்கள்.